விசிலுக்கும் பிரேக்குக்கும் நடுவே

எனக்கு நேரம் குறிக்காமல் எதையும் எழுத வராது. பிறருடைய நாட்குறிப்புகளையும் பயண நூல்களையும் நிறைய வாசித்திருக்கிறேன். யாராவது ‘ஒரு நாள் மாலை’ என்று தொடங்கினால், எந்த நாள், எத்தனை மணி என்று கேட்டுக்கொண்டு மனம் அங்கேயே நின்றுவிடும். என் நோட்டில் முதல் ஆடிக்காற்று வீசிய கிழமை இருக்கும். லேபில் குழாய் உடைந்த பீரியட் இருக்கும். நான் ஏறிய பஸ் சுந்தராபுரத்தை விட்டுக் கிளம்பிய நிமிடம் இருக்கும். இந்த ஒரு விஷயத்தை எழுதும்போது மட்டும் ஆண்டையும் தேதியையும் வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். அவற்றைச் சொன்னால் எந்த வகுப்பு, எந்தப் பெண் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மாதமும் கிழமையும் போதும்.

ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியட். பொள்ளாச்சி சாலையில் ஒத்தக்கால்மண்டபம் தாண்டி, கிளைச் சாலை பிரியும் ஒரு பிரிவில் இருக்கும் அரசுப் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை. பிளஸ் ஒன் முதல் குரூப்புக்கு வகுப்பாசிரியையும் நான்தான். பத்தொன்பது பேர் கொண்ட அந்த வகுப்புக்கு அன்று முதல் தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். ‘ஓய்வு நிலையிலிருந்து புறப்படும் பேருந்து ஒன்று’ என்று ஆரம்பிக்கும் முடுக்கக் கணக்குக்குப் பாதிப் பேர் எதுவும் எழுதவில்லை. ஒரு பெண் மட்டும் பேருந்தையே வரைந்து வைத்திருந்தாள். பக்கவாட்டுக் கண்ணாடி, பின்புற ஏணி, மேலே இரண்டு ஏர்ஹாரன், முன்னால் ‘பொள்ளாச்சி – உக்கடம்’ பலகை, எதுவும் குறையவில்லை. கணக்கு மட்டும் இல்லை. இருபத்தைந்துக்கு நான்கு மதிப்பெண்.

அவளைக் கூப்பிட்டு, படம் யார் கேட்டார்கள் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, அது எங்கப்பா ஓட்டுற வண்டிங்க டீச்சர் என்றாள்.

அந்த வண்டியை எனக்கும் தெரியும். சுந்தராபுரத்திலிருந்து காலையில் நான் ஏறுவது அதில்தான். தனியார் வண்டி, எல்லாப் பிரிவிலும் நின்று நின்று போகும். ஓட்டுநருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வேலை. அவர் ஓட்டும் நாட்களில், நான் இறங்கும்போது கண்ணாடியில் பார்த்து ஒரு தலையசைப்பு வரும். அவர் அவளுடைய அப்பா என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அவருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. தேர்வுத் தாள் வீட்டுக்குப் போன இரண்டாம் நாள், வியாழக்கிழமை காலை, நான் இறங்கப் படிக்கட்டுக்கு வந்ததும் அவர் பேச ஆரம்பித்தார்.

“ஏனுங்க டீச்சர், நம்ம புள்ளையக் காமர்ஸுக்கு மாத்திரலாமுங்களா? நாலு மார்க்கு வாங்கி வெச்சுருக்குது. இது அதுக்கு ஆகாதுங்க.”

மாதக் கடைசி வரை குரூப் மாற்றிக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியை அறிவித்திருந்தார். அதற்கான படிவத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட்டு, வகுப்பாசிரியை பரிந்துரை எழுதி, அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். படிவம் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. மாதக் கடைசி வெள்ளி எனக்கு ஓய்வு நாள், நேரில் வந்து கொடுக்கிறேன் என்றார். பின்னால் கண்டக்டர் கிளம்பச் சொல்லி டபுள் விசில் அடித்துவிட்டதால், சரி என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் நான் இறங்கினேன்.

அன்று மதியம் அவளிடம் கேட்டேன். அவள் அழவில்லை. நகத்தைப் பார்த்தபடி, ஆட்டோமொபைல் படிக்கணுமுங்க டீச்சர், பிரேக் எப்படிப் பிடிக்குதுன்னு எங்கப்பாவுக்கே தெரியாதுங்க, பிடிக்குமுன்னு மட்டும்தான் தெரியுமுங்க என்றாள். காமர்ஸில் அது வருமா என்று அவளே கேட்டு, வராதுங்கல்ல என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். பிரேக்கைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறவள் அந்தக் கணக்கை ஏன் தொடக்கூட இல்லை என்று கேட்டேன்.

“கணக்குல வர்ற பஸ்ஸு எங்கியும் நிக்கறதில்லீங்க. அது பஸ்ஸு மாதிரியே இல்லீங்க. கேம்ல வர்றது பரவால்லீங்க.”

என்ன கேம் என்று விசாரித்ததில், வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் செல்போனில் பஸ் ஓட்டுகிறவர்கள் என்று தெரிந்தது. விளையாட்டு எங்கோ வெளிநாட்டில் செய்தது. அதில் நம்மூர் வண்டிகளின் நிறத்தையும் ஹாரனையும் யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள். பொள்ளாச்சி வண்டி, காங்கேயம் வண்டி, பழனி வண்டி எல்லாம் கிடைக்கிறது. வேகமானி திரையிலேயே தெரிகிறது. ஓரத்தில் மின்கம்பங்கள் சீரான இடைவெளியில் வருகின்றன. எனக்கு வேண்டியது வேறு என்ன? அன்று வீட்டுக்குப் போனதும் பழைய டேப்லெட்டில் அதை இறக்கினேன். ஆறரை மணிக்கு முதல் மோதல், ஆறு முப்பத்திரண்டுக்கு இரண்டாவது. மூன்றாவது முறை வண்டி ஒரு பெட்ரோல் பங்குக்குள் போய் நின்றது. என் கணவர் காப்பியோடு வந்து பார்த்துவிட்டு, அம்மணி, மொதல்ல ‘எல்’ போர்டு மாட்டிக்கோ என்றார்.

மறுநாள் காலை அனுமதி கேட்டபோது தலைமையாசிரியை தயங்கினார். பள்ளிக்கூடத்தில் கேம் ஆடுகிறார்கள் என்று பெற்றோர் யாராவது கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று எச்சரித்து, ஹைடெக் லேபில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்டை அன்றிலிருந்தே மூன்று வாரத்துக்குக் கொடுத்தார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது வெள்ளிதான் படிவம் வரும் வெள்ளி.

முதல் வெள்ளி. டேப்லெட்டை ஒயர் வழியாகப் புரொஜெக்டரில் மாட்டினேன். என் திட்டம் எளிமையானது. வண்டி நின்ற நிலையில் புறப்பட வேண்டும். இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஒருவர் வேகத்தைப் படிக்க வேண்டும். மற்றவர்கள் குறித்துக்கொண்டு வரைபடம் போட வேண்டும். சாய்கோட்டின் சரிவுதான் முடுக்கம். பதினைந்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்தேன்.

பதினைந்து நிமிடத்தில் வண்டி ஸ்டாண்டை விட்டே கிளம்பவில்லை. கண்டக்டர் இல்லாமல் எப்படி எடுப்பது என்று ஓட்டுநர் இருக்கையில் இருந்த பையன் கேட்டான். உடனே ஒருவனைக் கண்டக்டராகப் போட்டார்கள். அவன் விளையாட்டு ஆசிரியரிடம் ஓடிப்போய் விசில் வாங்கி வந்தான். வந்தவன், உள்ள போங்க, நடுவால காலியாத்தான கெடக்குது, படியில நிக்கறவங்க மேல ஏறுங்க என்று லேபில் இருந்த எல்லோரையும் தள்ள ஆரம்பித்தான். ஒருவழியாக டபுள் விசில் அடித்து வண்டி கிளம்பியது. இருபது விநாடி நேராகப் போனால் எனக்குப் போதும். எட்டாவது விநாடியில் ஓட்டியவன் நிறுத்திவிட்டான். ஏன் என்று கேட்டால், திரையில் ஒரு நிறுத்தத்தில் நின்ற நான்கு பொம்மைகளைக் காட்டினான்.

“கையக் காட்டறாங்க டீச்சர். எப்பிடிங்க உட்டுப்போட்டுப் போறது?”

நான் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். வகுப்பே என்னை ஒரு மாதிரி பார்த்தது. கடைசியில், ஸ்டாண்டிலேயே வண்டி நிறைந்துவிட்டதாக வைத்துக்கொள்வது என்று ஒரு சமரசத்துக்கு வந்து ஐந்து முறை ஓட்டினோம். அந்த அறையில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன் கேட்டதில்லை. மணி அடித்த பிறகும் யாரும் பையைத் தூக்கவில்லை. நோட்டில் அதைக் குறித்திருக்கிறேன்: மணிக்குப் பின் ஒன்பது நிமிடம்.

ஆனால் அன்றிரவு சாப்பாட்டுக்கு முன் வரைபடங்களைத் திருத்த உட்கார்ந்தபோது சோர்வாகிவிட்டது. பத்தொன்பது வரைபடத்திலும் ஒரே பிழை. கோடு சுழியிலிருந்து உடனே மேலே ஏறவில்லை. முதல் இரண்டு விநாடி தரையோடு படுத்துக் கிடந்து, அதற்குப் பிறகுதான் ஏறியது. கடிகாரத்தை வண்டி நகரும்போது ஓடவிடாமல் டபுள் விசிலுக்கே ஓடவிட்டிருக்கிறார்கள். படுத்த கோட்டின் மேல் சிவப்பு மையில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனேன்.

சனிக்கிழமை சிறப்பு வகுப்பில் தாள்களைக் கொடுத்ததும் அந்தப் பெண் எழுந்தாள். இயக்கம் நகரும்போதுதான் தொடங்கும் என்று நான் விளக்கி முடிக்கும் வரை காத்திருந்து, ட்ரிப்பு விசில்லதானுங்க டீச்சர் ஆரம்பிக்குது என்றாள். டிரைவர் கியர் போட்டு எடுக்கற வரைக்கும் டைம் ஓடிக்கிட்டுத்தானுங்க இருக்கும், அது வண்டிக்காரங்க டைம்தானுங்க என்றாள். தனியார் வண்டிகளுக்கு நிமிடக் கணக்கு உயிர். ஒரு ஸ்டாண்டில் ஒரு நிமிடம் அதிகம் நின்றால் பின்னால் வரும் வண்டிக்காரன் சண்டைக்கு வந்துவிடுவான். அந்த வீட்டில் வளர்ந்தவள் பேசுகிறாள் என்று புரிந்தது. ஆனாலும் புத்தகத்தில் இருப்பதை எழுது என்று சொல்லி உட்காரவைத்தேன். அந்த வாக்கியத்தையும் நோட்டில் குறித்திருக்கிறேன். பெருமைக்காக அல்ல.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அது என்னை விடவில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் இருக்கையில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு குறிக்க ஆரம்பித்தேன். டபுள் விசிலிலிருந்து வண்டி அசையும் வரை இரண்டு விநாடி, அடுத்த நிறுத்தத்தில் இரண்டு, அதற்கடுத்ததில் இரண்டரை. பிறகு நிறுத்தச் சொல்லும் ஒற்றை விசிலைக் கவனித்தேன். விசில் கேட்டதும் வண்டியின் வேகம் குறையவில்லை. அவர் காதில் விழுந்து, கால் போய் பிரேக்கை மிதிக்க ஏறக்குறைய ஒரு விநாடி ஆகிறது. அந்த ஒரு விநாடியில் வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிறது. மலுமிச்சம்பட்டி தாண்டும்போது எனக்கு முகம் சூடாகிவிட்டது. நான் சிவப்பு மையில் அடித்தது பிழையை அல்ல. மனிதர் ஒருவர் கேட்டு, முடிவுசெய்து, கைகாலை அசைக்கும் நேரத்தை அடித்திருக்கிறேன். வண்டி நிற்கும் தூரத்தைக் கணக்கிட அது இல்லாமல் முடியாது.

மகிழ்ச்சியில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் இரண்டு முறை என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, முன்னால் போய் ஓட்டுநர் காதில் ஏதோ சொன்னார். என் பிரிவு வந்து இறங்கப் போகும்போது, ஓட்டுநர் என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. பின்னால வர்ற வண்டிக்காரங்க நம்ம டைமு பாக்கச் சொல்லி உங்களைய அனுப்புனாங்களாங்க?”

இல்லை, இது பாடத்துக்கு என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அதற்கடுத்து இரண்டு பயணங்களில் எனக்குத் தலையசைப்புக் கிடைக்கவில்லை. வண்டி மட்டும் எல்லா நிறுத்தத்திலும் நொடி பிசகாமல் கிளம்பியது.

இரண்டாவது வெள்ளி, முதல் வேலையாக வகுப்பில் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் போட்டது சரி, நான் அடித்தது தவறு என்றேன். சிவப்புக் கோடு எல்லாவற்றையும் அவர்களே பச்சை மையில் அடித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். அதை அவர்கள் தேவைக்கு மேல் மகிழ்ச்சியோடு செய்தார்கள். பிறகு வண்டியை நிறுத்தும் சோதனையைச் செய்தோம். கண்டக்டர் ஒரு மின்கம்பத்துக்கு நேராக ஒற்றை விசில் அடிக்க வேண்டும். அங்கிருந்து வண்டி எத்தனை கம்பம் தள்ளி நிற்கிறது என்று மற்றவர்கள் எண்ண வேண்டும். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் அரைக் கம்பம். அறுபதில் ஒரு கம்பம் இருக்கும் என்று பத்தொன்பது பேரும் எழுதிவைத்தார்கள். ஓட்டினால் ஒன்றரை.

ஓட்டியவன் மேல் எல்லோரும் பாய்ந்தார்கள். தூங்கிப்போட்டான் டீச்சர், வேற ஆளப் போடுங்க என்றார்கள். வேறு ஆள் ஓட்டினாலும் ஒன்றரைதான். வேகம் இரண்டு மடங்கு, தூரம் மூன்று மடங்கு. இது எப்படி என்று ஒரே கூச்சல். அந்தப் பெண் கத்தவில்லை. தன் பழைய வரைபடத்தை எடுத்து, படுத்த கோட்டையும் சாய்ந்த கோட்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கரும்பலகைக்கு வந்து இரண்டாகப் பிரித்தாள். விசிலுக்கும் பிரேக்குக்கும் நடுவே, கேட்டு அழுத்த ஆகும் ஒரு விநாடியில் போகிற தூரம், முப்பதில் கால் கம்பம், அறுபதில் அரைக் கம்பம். அது இரண்டு மடங்குதான். பிரேக் பிடித்த பிறகு போகிற தூரம், முப்பதில் கால், அறுபதில் ஒன்று. அது நான்கு மடங்கு. எல்லாம் ஏறக்குறையத்தான், விளையாட்டுத் திரையில் கம்பம் எண்ணுவதில் அதற்கு மேல் துல்லியம் கிடையாது. வேகத்தின் இருமடி என்ற சொல்லை நான் ஒரு மாதமாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அன்றுதான் அது அவர்களுக்குத் தேவைப்பட்டது.

மூன்றாவது வெள்ளி. மூன்று மணி நாற்பது. அறுபதில் ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குக் கண்டக்டர் விசிலை உயர்த்திய நேரத்தில் லேப் வாசலில் அவர் நின்றார். காக்கி இல்லாமல் வெள்ளைச் சட்டையில் அவரைப் பார்த்ததே இல்லை என்பதால் எனக்கே அடையாளம் தெரிய ஒரு கணம் ஆனது. சட்டைப் பையில் மடித்த படிவம் துருத்திக்கொண்டிருந்தது. விசில் ஊதப்படவில்லை. திரையில் அவருடைய வண்டி, அவருடைய நிறம், அவருடைய ஹாரன். டேப்லெட் அவருடைய மகள் கையில்.

“ஏனுங்க, இது பள்ளிக்கோடமுங்களா, பஸ் ஸ்டேண்டுங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் அவள் எழுந்து வந்து, டேப்லெட்டை அவரிடம் நீட்டி, ஓட்டிப்பாருங்கப்பா என்றாள். அவர் மாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்திருப்பார். ஆனால் திரையில் இருந்தது அவர் வண்டி. வாங்கினார். இருபது வருடமாக அந்தச் சாலையில் கீறல் விழாமல் ஓட்டியவர், மூன்றாவது விநாடியில் வண்டியை நடுத்திட்டின் மேல் ஏற்றினார். ஸ்டியரிங் இல்லாத வண்டிய எப்பிடிங்க ஓட்டறது என்று அவரே சொல்லிச் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் வகுப்புக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது. கண்டக்டர் பையன், பரவால்லீங்ண்ணா, மொத ட்ரிப்புல எல்லாரும் அப்பிடித்தானுங்க என்று ஆறுதல் சொன்னான்.

மகள் அவரிடம் ஒன்று கேட்டாள். அறுபதில் வரும்போது நம் பிரிவு நிறுத்தத்துக்கு எங்கே விசில் கேட்டால் சரியாக நிற்கும்? அவர் யோசிக்கவே இல்லை. ஸ்டாப்புக்கு முன்னால ரெண்டாவது கம்பத்துக்கும் மூணாவது கம்பத்துக்கும் நடுவால கேக்கோணும் என்றார். கரும்பலகையில் எங்களுடைய விடை பெரிதாக எழுதியிருந்தது: ஒன்றரை. அவர் அதைப் பார்த்து, என்னது அது என்று கேட்டார். வண்டி நிற்க அவ்வளவு கம்பம் போதும் என்று அவள் சொன்னதும் அவர் பதறிவிட்டார்.

“ஒண்ணரையா? கொன்னுபோடுவீங்க. ஒண்ணரைல விசிலு கேட்டுப் புடிச்சா வண்டி நிக்கும், நின்னுட்டு வர்ற சனம் நிக்குமா? கூடையோட முன்னால வந்து உழுந்துரும். பாதிப் பிரேக்குத்தான் கண்ணு புடிக்கோணும்.”

பாதிப் பிரேக்கு என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். கரும்பலகையில் இடம் இல்லை. தாள் வேண்டும் என்று கையை நீட்டினாள். அருகில் இருந்தவர் அப்பா. அவர் பையில் கைவிட்டு, கையில் வந்ததை எடுத்துக் கொடுத்தார். அதன் வெற்றுப் பக்கத்தை மேஜையில் விரித்து அவள் எழுதினாள். விசிலுக்கும் பிரேக்குக்கும் நடுவே அரைக் கம்பம், அது மாறாது. பிரேக் பாதி என்றால் எதிர்முடுக்கம் பாதி. எதிர்முடுக்கம் பாதியானால் தூரம் இரண்டு மடங்கு. ஒரு கம்பம் இரண்டு கம்பமாகும். இரண்டும் அரையும் இரண்டரை.

எழுதி முடித்துத் தாளை அவர் பக்கம் திருப்பி, நீங்க சொன்ன எடந்தானுங்கப்பா என்றாள். அந்த அரைக் கம்பத்தை, அதாவது படுத்த கோட்டை, அவருடைய வண்டியிலிருந்துதான் எடுத்தாள் என்பது அறையில் இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது. அவர் தாளில் எண்களைப் பார்க்கவில்லை. அவள் விரல் நின்ற இடத்தைப் பார்த்தார்.

“இத்தன வருசமா ரெண்டரைல விசிலு கேட்டுத்தான் கால வெக்கறேன். ஏன்னு ஒருத்தனும் சொல்லலியே அம்மணி.”

அப்போதுதான் நான் தாளின் மறுபக்கத்தைக் கவனித்தேன். குரூப் மாற்ற விண்ணப்பம். கீழே அவருடைய கையெழுத்து. கொடுத்தது அந்தப் படிவம்தான் என்று அவருக்கு முன்பே தெரியுமா, அவள் எழுதிக்கொண்டிருந்தபோது தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பரிந்துரை எழுத நான் பேனாவை எடுக்கவில்லை. மணி அடித்தும் எல்லோரும் பையைத் தூக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் தாளை எடுத்து, வந்தபடியே நான்காக மடித்தார்.

“இதுலதான் எழுதிப்போட்டாளே, இனி எங்கீங்க குடுக்கறது” என்றார். வேறு படிவம் அலுவலகத்தில் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. வாசலில் நின்று திரும்பி, அன்னிக்கு டைமு பாத்தது இதுக்குத்தானுங்களா என்றார். ஆமாம் என்றேன். கண்டக்டர்கிட்டச் சொல்லிப்போடறேன், பத்து நாளா அவன் என்னைய நொடி நிக்க உடறதில்லீங்க என்று சொல்லிவிட்டு மகளோடு நடந்தார். போகும் வழியெல்லாம் அவள் கையை ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டே போனதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இடைப்பருவத் தேர்வில் அவள் வகுப்பில் முதலாவதாக வரவில்லை. இருபத்தைந்துக்குப் பதினேழு. பேருந்துக் கணக்கில் முழு மதிப்பெண். ஓரமாக ஒரு சிறிய ஏர்ஹாரன் வரைந்திருந்தாள். அடிக்காமல் விட்டேன். தலைமையாசிரியை வெள்ளிக்கிழமைப் பீரியட்டை ஆண்டு முழுவதற்கும் கொடுத்தார்; மின்னோட்டப் பாடத்துக்கும் ஏதாவது கேம் இருக்கிறதா என்று அவரே கேட்டார்.

கடைசிப் பதிவு திங்கட்கிழமை காலை, எட்டு மணி முப்பத்தேழு நிமிடம். பஸ்ஸில் கூட்டம். நான் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பிரிவுக்கு முன்னால் இரண்டாவது கம்பத்துக்கும் மூன்றாவது கம்பத்துக்கும் நடுவே கண்டக்டரின் ஒற்றை விசில் கேட்டது. நான் மனத்துக்குள் எண்ணினேன். வண்டி மெதுவாக வேகம் குறைந்து, நின்றிருந்த யாரும் ஒரு அடிகூட முன்னால் தள்ளாமல், பள்ளியின் நுழைவு வளைவுக்கு நேராக நின்றது. கண்ணாடியில் அவர் இரண்டு விரலைக் காட்டி, மூன்றாவதைப் பாதி மடக்கினார்.